இரண்டு மொழி வீட்டில் பேச்சு வராத பிள்ளை: காத்திருப்பதா, எங்கே காட்டுவது?

வேலூர் மாவட்டம் பேரணாம்பட்டில் ஒரு தோல் தொழிலாளியின் வீடு. மூன்று வயது நிரம்பப்போகும் மகன். வீட்டுக்குள் உருது, தெருவில் தமிழ், எதிர்வீட்டில் தெலுங்கு. பையனுக்கு எந்த மொழியிலும் நான்கைந்து சொற்களுக்கு மேல் வரவில்லை. நான் சிறப்பாசிரியையாக வட்டார வள மையத்தில் சேர்ந்து அப்போது இரண்டாவது ஆண்டு. அவன் தாயிடம் உறுதியாகச் சொன்னேன்: “இரண்டு மொழியும் கலப்பதால் பிள்ளை குழம்புகிறான். இனி வீட்டிலும் தமிழிலேயே பேசுங்கள், ஆறு மாதத்தில் சரியாகிவிடும்.” அந்தத் தாய்க்குத் தமிழ் சரளமாக வராது. எனக்காகத் தட்டுத் தடுமாறிப் பேசத் தொடங்கினார். பதினொரு மாதம் கழித்து ஒரு மருத்துவமனையில் செவிப் பரிசோதனை செய்தபோது இரண்டு காதுகளிலும் கடுமையான குறைபாடு என்று தெரிந்தது. பையன் குழம்பவே இல்லை. அவனுக்கு உருதும் கேட்கவில்லை, தமிழும் கேட்கவில்லை.

அந்தப் பதினொரு மாதம் என்னால் போனது. இதே நிலையில் இன்று ஒரு குடும்பம் இருந்தால், அவர்கள் முன் உள்ள வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்க இக்கட்டுரை உதவட்டும்.

பழைய வட ஆற்காட்டில் ஒரே மொழி மட்டும் கேட்கும் கடைத்தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 2019-இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகும் இது மாறவில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம், பேரணாம்பட்டு வீடுகளில் தக்கினி உருது. குடியாத்தம், காட்பாடிப் பக்கத்து எல்லை ஊர்களில் தெலுங்கு. நரிக்குறவர் குடியிருப்புகளில் எழுத்து வடிவம் இல்லாத வாக்ரிபோலி. வேலூர் நகரில் இடா ஸ்கடர் சாலையில் நடந்தால் வங்காளமும் இந்தியும் காதில் விழும்.

இத்தனை மொழிகளுக்கு நடுவில் வளரும் பிள்ளையிடம் சில குறைபாடுகள் உடனே தெரிந்துவிடும். நான்கு மாதமாகியும் நிற்காத தலை, விறைத்த கை கால், மாறுகண், பிளந்த உதடு ஆகியவற்றை எந்த மொழி பேசும் பாட்டியும் கண்டுகொள்வார். கேட்புக் குறைபாடு, ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, மொழி வளர்ச்சிக் கோளாறு ஆகியவைதான் ‘இரண்டு மொழி வீடு, அதனால் பேச்சு பிந்துகிறது’ என்ற சமாதானத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்கின்றன.

காத்திருத்தல்

பெரும்பாலான வீடுகள் முதலில் தேர்ந்தெடுப்பது இதைத்தான். செலவில்லை, ஒரு நாள் கூலி போகாது, பிள்ளைக்குப் பெயர் கெடாது. ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசுவான் என்பார்கள். அவன் அப்பாவும் நாலு வயதில்தான் வாய் திறந்தார் என்பார்கள். நாக்கில் வசம்பு தேய்ப்பார்கள். இவற்றைச் செய்கிறவர்களை நான் ஒருபோதும் குறைவாக நினைத்ததில்லை. பிள்ளைமேல் உள்ள பாசத்தால் செய்கிறார்கள். ஆனால் காத்திருப்புக்கு அடிப்படையாக இருக்கும் ஒரு நம்பிக்கை தவறு. இரண்டு மொழிகள் கேட்டு வளர்வது பேச்சுக் குறைபாட்டை உண்டாக்காது. இரு மொழிப் பிள்ளைக்கும் ஏறக்குறைய ஒரு வயதில்தான் முதல் சொல் வருகிறது, ஏறக்குறைய இரண்டு வயதில்தான் இரண்டு சொற்களைச் சேர்க்க வருகிறது.

சொற்களை எப்படி எண்ணுகிறோம் என்பதில்தான் பிசகு நேர்கிறது. வீட்டில் ‘பானி’ என்றும் அங்கன்வாடியில் ‘தண்ணீ’ என்றும் சொல்லும் பிள்ளைக்கு இரண்டு சொற்கள் தெரியும். தமிழில் இருபது, உருதில் முப்பது தெரிந்தால் மொத்தம் ஐம்பது. தமிழை மட்டும் எண்ணும் டீச்சருக்கு அந்தப் பிள்ளை மந்தமாகத் தெரியும். உருதை மட்டும் எண்ணும் பாட்டிக்கும் அப்படியே தெரியும். ஒரே வாக்கியத்தில் இரண்டு மொழிகளைக் கலப்பதும் நோயின் அடையாளம் ஆகாது. இந்த ஊர்ப் பெரியவர்கள் எல்லாரும் அப்படித்தான் பேசுகிறோம்.

காத்திருப்பது சரியாக அமையும் நிலை ஒன்று உண்டு. குடியாத்தம் பக்கம் ஓர் அங்கன்வாடியில் நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி இரண்டு மாதமாக வாயே திறக்கவில்லை என்று என்னை அழைத்தார்கள். வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து அவ்வாவிடம், அதாவது பாட்டியிடம், ஆட்டுக்குட்டி தொலைந்த கதையைத் தெலுங்கில் ஒரே மூச்சாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். தெரியாத மொழிக்குள் நுழையும் பிள்ளை சில மாதம் மௌனமாக இருந்து, கேட்டுச் சேர்த்துக்கொள்ளும். அவளுக்குத் தேவைப்பட்டது நேரமும், ‘வா’, ‘உட்கார்’ என்ற இரண்டு சொல்லையாவது தெலுங்கில் சொல்லும் ஒரு டீச்சரும்தான். அந்த ஆண்டு கடைசியில் தமிழில் சண்டை போட்டாள்.

ஆகவே காத்திருக்கலாமா என்று முடிவு செய்ய ஒரே அளவுகோல்: வீட்டு மொழியில் பிள்ளை வயதுக்கு ஏற்றபடி இருக்கிறதா? உண்மையான குறைபாடு இருந்தால் இரண்டு மொழிகளிலும் தெரியும். பன்னிரண்டு மாதத்தில் மழலை ஒலிகள் இல்லை, சுட்டிக் காட்டுவதோ கையசைப்பதோ இல்லை. பதினாறு மாதத்தில் எந்த மொழியிலும் ஒரு சொல் இல்லை. இரண்டு வயதில் தானாகச் சேர்த்துச் சொல்லும் இரண்டு சொற்கள் இல்லை. எந்த வயதிலாவது வந்த பேச்சு போய்விட்டது. இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீர்கள். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாதது, வேண்டியதைச் சுட்டாமல் தாயின் கையைப் பிடித்து இழுத்துப் பொருள்மேல் வைப்பது, பொம்மையை விட்டுச் சக்கரத்தை மட்டும் சுற்றிக்கொண்டிருப்பது ஆகியவற்றுக்கும் மொழியோடு தொடர்பே இல்லை.

காதிலிருந்து தொடங்குவது

எந்த வழியில் போனாலும் முதல் படி இதுதான் என்பதில் எனக்கு இனிச் சந்தேகம் இல்லை. மற்ற எல்லாச் சோதனைகளிலும் மொழி குறுக்கே வருகிறது. இதில் வருவதில்லை. ஓ.ஏ.ஈ. என்ற பரிசோதனையில் காதுக்குள் ஒரு சிறு முனையை வைத்து ஒலி அனுப்புவார்கள். உட்செவி நன்றாக இருந்தால் அதிலிருந்து மெல்லிய ஒலி திரும்பி வரும். சில நிமிட வேலை. பெரா பரிசோதனையில் ஒலிக்குச் செவி நரம்பும் மூளைத் தண்டும் காட்டும் மின் அலைகளைப் பதிவு செய்வார்கள். பிள்ளை தூங்கிக்கொண்டே இருக்கலாம், எந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. குறை மாதத்தில் பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த பிள்ளைக்கும், கடுமையான மஞ்சள் காமாலை வந்த பிள்ளைக்கும் ஓ.ஏ.ஈ. மட்டும் போதாது. செவி நரம்பில் உள்ள சிக்கலை அது காட்டாமல் விட்டுவிடும், பெராவும் வேண்டும்.

பிறந்த ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பது உலகமெங்கும் பின்பற்ற முயலும் கணக்கு. நம்மிடம் வருகிற பிள்ளைகள் பலர் இரண்டரை வயதில்தான் முதல் முறையாக வருகிறார்கள். “தட்டைத் தட்டினால் திரும்புகிறானே, டீச்சர்” என்று சொல்லாத தாய் இல்லை. தரையின் அதிர்வுக்குத் திரும்பலாம், நிழல் அசைவுக்குத் திரும்பலாம். கனத்த ஒலிகள் மட்டும் கேட்டு, பேச்சில் உள்ள ‘ச’, ‘த’ போன்ற நுண்ணொலிகள் கேட்காமலும் இருக்கலாம். பிறந்தபோது சரியாக இருந்த காது மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு போகலாம். அடிக்கடி சீழ் வடியும் காது ஒரு வாரம் கேட்டு ஒரு வாரம் கேட்காமல் இருக்கலாம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உட்செவிக்குள் காக்ளியர் என்ற கேட்புக் கருவியைப் பொருத்தும் அறுவை சிகிச்சைக்கு இடம் உண்டு, ஆனால் வயது வரம்பும் உண்டு. ‘இன்னும் ஆறு மாதம் பார்ப்போம்’ என்று நாம் தள்ளிப்போடும்போது அந்த வரம்பு பிள்ளைக்கு எதிராக ஓடிக்கொண்டிருக்கிறது.

அங்கன்வாடியும் நடமாடும் மருத்துவக் குழுவும்

2013-இல் ஒன்றிய அரசு தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. (ராஷ்டிரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம்) என்ற குழந்தைகள் நலத் திட்டத்தின்படி, பிறந்தது முதல் 18 வயது வரை உள்ள பிள்ளைகளை மருத்துவக் குழு பரிசோதிக்க வேண்டும். அங்கன்வாடிக்கு ஆண்டில் இரண்டு முறை, பள்ளிக்கு ஒரு முறை. பிறவிக் குறைகள், நோய்கள், சத்துக் குறைவுகள், வளர்ச்சித் தாமதங்கள் ஆகிய நான்கையும் பார்ப்பார்கள். 2023 நவம்பரில் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கென்றே அங்கன்வாடிகளுக்கு ஒரு நடைமுறையை ஒன்றிய அரசு வெளியிட்டது. அதன்படி தாமதத்தை முதலில் கவனித்து மேல் அனுப்ப வேண்டியவர் அங்கன்வாடிப் பணியாளர்.

இந்த வழியின் பெரிய பலம், இது தெருவுக்கே வருகிறது என்பது. கூலி இழந்து பஸ் ஏற முடியாத வீட்டுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. பணியாளர் அதே தெருக்காரராக இருந்தால் பிள்ளையை ஆறு மாதமாகப் பார்த்திருப்பார். எந்த மருத்துவரின் பத்து நிமிடப் பார்வையும் அதற்கு ஈடாகாது.

பலவீனம் என்னவென்றால், கேள்விகள் தமிழில் வருகின்றன, கூட்டம் அதிகம், குழு வரும் நாளில் பிள்ளை காய்ச்சலோடு வீட்டில் கிடக்கலாம். ஊசி போடுவார்களோ என்று பயந்து நிற்கும் பிள்ளை தன் மொழியிலேயே பேசாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இது சல்லடை மட்டுமே. ‘சந்தேகம் இருக்கிறது’ என்று சொல்லும். இன்ன குறைபாடு என்று சொல்லாது. இங்கே ‘ஒன்றுமில்லை’ என்று எழுதிவிட்டால் அதைக் கடைசித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தாயின் மனதில் ஐயம் இருந்தால் அந்த ஐயத்துக்குத்தான் எடை அதிகம்.

கேள்வியை யார், எந்த மொழியில் கேட்கிறார்கள்

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம். உருது பேசும் வீட்டுப் பிள்ளையிடம் “நாக்கு எங்கே, காட்டு” என்று கேட்டுப் பாருங்கள். மூக்கைத் தொடும். உருதில் ‘நாக்’ என்றால் மூக்கு. பிள்ளை கேட்டது, புரிந்துகொண்டது, சரியான இடத்தைத் தொட்டது. தாளில் மட்டும் தப்பு என்று பதிவாகும்.

சரி, பாட்டியை மொழிபெயர்க்கச் சொல்லலாமே என்று தோன்றும். ஒரு சோதனையில் நான் உடன் இருந்தேன். உளவியலாளர் கண்ணைக் காட்டச் சொன்னார். பாட்டி உருதில் சொல்லிக்கொண்டே தன் கண்ணைத் தொட்டார், பேரனும் தொட்டான். காதைக் காட்டச் சொன்னார். பாட்டி தன் காதைத் தொட்டார், அவனும் தொட்டான். எல்லாம் சரி என்று வந்தது. பாட்டி ஏமாற்றவில்லை, பிள்ளைக்கு உதவினார். பிள்ளை சொல்லைப் புரிந்துகொண்டானா, கையைப் பார்த்துச் செய்தானா என்பது மட்டும் கடைசி வரை தெரியவில்லை. அக்கா, அண்ணனை மொழிபெயர்க்க வைப்பது இதைவிட மோசம். பத்து வயதுப் பிள்ளையின் தோளில் அந்தச் சுமையை வைக்கக் கூடாது.

அச்சடித்த கேள்வித்தாள்கள் பாதி வழிதான் கைகொடுக்கும். ஆட்டிசத்துக்கான எம்-சாட் தாளில் இருபது கேள்விகள். 16 முதல் 30 மாதப் பிள்ளைகளுக்கானது. தமிழ், உருது, இந்தி உட்படப் பல மொழிகளில் கிடைக்கிறது. கேரளத்தில் உருவான திருவனந்தபுரம் வளர்ச்சி அட்டவணை இரண்டு வயது வரைக்குமானது, பதினேழே வரிகள். கை, கால், பார்வை, பேச்சு எல்லாவற்றையும் தொட்டுப் போகும். ஆனால் உருதுத் தாளின் நடை இலக்கிய உருது. பேரணாம்பட்டுத் தாய் பேசுவது தக்கினி. அவரால் அந்த எழுத்தைப் படிக்க முடியாமலும் இருக்கலாம். தெரியாத கேள்விக்கு மரியாதைக்காக ‘ஆமாம்’ சொல்வது நம் எல்லார் வழக்கமும். எனவே தாளைக் கையில் கொடுத்துவிட்டு நகராமல், அந்தப் பேச்சு மொழி தெரிந்த ஒருவர் வாயால் கேட்டு, “நேற்று அப்படிச் செய்தானா, எப்போது, எதைக் காட்டினான்?” என்று உதாரணம் வாங்க வேண்டும்.

எந்த மொழிபெயர்ப்பாளரையும் விட எனக்கு உதவியது செல்பேசிதான். வீட்டில் தாய் தன் மொழியில் பேச, பிள்ளை விளையாடும் இரண்டு நிமிடக் காணொளி ஒன்று. சாப்பிடும்போது ஒன்று. பெயரைப் பின்னாலிருந்து அழைக்கும்போது ஒன்று. மருத்துவருக்கு அந்த மொழி தெரியாவிட்டாலும் பிள்ளை முகத்தைப் பார்க்கிறதா, சுட்டுகிறதா, பதிலுக்குக் காத்திருக்கிறதா என்பது தெரியும். சொற்களை மொழி தெரிந்த யாரிடமாவது பிறகு கேட்டு எண்ணிக்கொள்ளலாம்.

அரசு மையமா, சி.எம்.சி.யா, தனியார் பயிற்சியாளரா

ஆர்.பி.எஸ்.கே. குழு அனுப்பும் இடம் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம். குழந்தை மருத்துவர், இயன்முறை சிகிச்சையாளர், கேட்பியல்–பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர், சிறப்புக் கல்வியாளர் ஆகியோர் ஒரே கூரையின் கீழ் இருப்பதற்காகவே ஏற்பட்ட அமைப்பு. கட்டணம் இல்லை. அடையாள அட்டை, காப்பீடு, உதவித்தொகை ஆகியவற்றுக்கான அரசுத் தாள்களும் இந்தப் பக்கம்தான் எளிதாக நகரும். புறப்படும் முன், எந்தக் கிழமையில் எந்தப் பயிற்சியாளர் இருப்பார் என்று தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். வெறுங்கையோடு திரும்பிய தாய் இரண்டாவது முறை வருவது அரிது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையான சி.எம்.சி.யைப் பற்றி இந்த ஊரில் யாருக்கும் அறிமுகம் தேவையில்லை. குழந்தைகளின் வளர்ச்சிக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. பாகாயத்தில் உள்ள நம்பிக்கை நிலையம் குழந்தைகள் மனநலப் பிரிவு. அங்கே பெற்றோருக்கும் சேர்த்தே பயிற்சி தருகிறார்கள். குழப்பமான பிள்ளைக்கு, அதாவது வலிப்பும் உண்டு, பேச்சும் இல்லை, காது சரி, ஆட்டிசமா அறிவுத்திறன் குறைபாடா என்று பிரித்துச் சொல்ல வேண்டும் என்ற நிலையில், நான் இங்கே அனுப்பத் தயங்கமாட்டேன். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் நோயாளிகள் வரும் இடம் என்பதால் வேறு மொழி பேசும் தாயை விநோதமாகப் பார்க்கமாட்டார்கள். பணம் கட்ட முடியாதவர்கள் சலுகை கேட்க வழி உண்டு. கேட்கக் கூச்சப்பட வேண்டாம். குறை என்றால் கூட்டமும் தூரமும். பேரணாம்பட்டிலிருந்து வாரம் இரண்டு முறை பயிற்சிக்கு வந்து போக ஒரு தினக்கூலிக் குடும்பத்தால் முடியாது.

தனியார் பயிற்சியாளரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பக்கத்திலேயே இருப்பார், மாலையில் நேரம் தருவார். இத்தகைய பயிற்சியாளர்களைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு எண்ணைக் கேளுங்கள். உங்கள் வீட்டு மொழியில் பயிற்சி தர முடியுமா என்று கேளுங்கள். காதுப் பரிசோதனை அறிக்கையைக் கேட்காமல் பேச்சுப் பயிற்சியைத் தொடங்குகிறவரிடம் மறுநாள் போகாதீர்கள்.

என் கருத்தில் பெரிய மருத்துவமனை நோயைக் கண்டறியும் இடம்; பயிற்சி வீட்டுக்குப் பக்கத்தில் நடக்க வேண்டும். இரண்டையும் ஒரே இடத்தில் எதிர்பார்த்து, தூரம் தாங்காமல் எல்லாவற்றையும் நிறுத்திவிட்ட குடும்பங்களை நிறையப் பார்த்துவிட்டேன். அரசு மையம் எட்டும் தூரத்தில் இருந்தால் அதையே அடிப்படையாக வைத்துக்கொண்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெரிய மருத்துவமனையில் காட்டுவது பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்தும். வேலை தேடி வந்து, எப்போது ஊர் திரும்புவோம் என்று தெரியாத வடமாநிலக் குடும்பத்துக்கு மட்டும் வரிசையை மாற்றிச் சொல்வேன். முதலிலேயே முழுப் பரிசோதனையை முடித்து, அறிக்கையைக் கையில் வாங்கிக்கொள்ளட்டும். எந்த மாநிலத்துக்குப் போனாலும் அது உடன் வரும்.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வாங்கினால் முத்திரை விழுந்துவிடும், நாளை பெண்ணுக்குத் திருமணம் நடக்காது என்ற பயத்தால் பரிசோதனைக்கே வராதவர்கள் உண்டு. பயிற்சி பெறச் சான்றிதழ் தேவையில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் எதுவாக இருந்தாலும், அட்டை வாங்குவது பின்னால் நிதானமாக எடுக்கும் முடிவு.

எங்கே போனாலும், “இனி ஒரே மொழியில் பேசுங்கள்” என்று யாராவது சொன்னால், நான் செய்த தவறை நினைத்துக்கொள்ளுங்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளையும் டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளையும் இரண்டு மொழிகளோடு வளர முடியும் என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தாய் தனக்குச் சரளமாக வரும் மொழியில் கொஞ்சினால்தான் நாளெல்லாம் பேச்சு ஓடும். தெரியாத மொழியில் பேசச் சொன்னால் அவர் பேசுவதையே குறைத்துக்கொள்வார். நான் பார்த்த அந்த வீட்டில் அதுதான் நடந்தது.

முதல் நடையாகக் காதுப் பரிசோதனைக்குப் போகிறீர்கள் என்றால் ஒரு சின்ன ஏற்பாடு. பிள்ளை அங்கே தூங்க வேண்டும். முந்தைய இரவு வழக்கத்தைவிடத் தாமதமாகப் படுக்க வைத்து, விடியற்காலையில் எழுப்பிவிடுங்கள். மயக்க மருந்து தருவதாகச் சொல்லியிருந்தால், எத்தனை மணி வரை பால் கொடுக்கலாம் என்று முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பாலை அங்கே போய்க் கொடுக்கலாம். குடியாத்தம் தாண்டியதும் பஸ் ஆட்டத்தில் கண் சொருகும். ஜன்னலோரம் உட்கார வைத்து, உங்கள் மொழியில் எதையாவது காட்டிப் பேசிக்கொண்டே வாருங்கள், வேலூர் வரும் வரை தூங்கவிடாதீர்கள்.